மையைத் துடைத்துப் பார்த்தவர்

தலைவர் இராமையா ஐயா அவர்களே, கோயில் மண்டபம் நிறைய வந்திருக்கும் தோட்டத்து உறவுகளே, கைக்குழந்தையோடு வாசலிலேயே நின்றுவிட்ட தாய்மாரே, வணக்கம்.

நம் குடும்ப நல உத்தியோகத்தர், அமரர் கம்சலா செல்வநாயகம் அம்மையார், பத்தொன்பது வருஷம் தாயையும் பிள்ளையையும் பார்க்கப் பசறைப் பக்கத்து லயத்து வீடுகளில் ஏறி இறங்கியவர். போன செவ்வாய்க்கிழமை, ஹாலிஎலவில் தனியே குடியிருந்த வீட்டில் காலமானார். மேடையில் பேச நான் படித்தவள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்று, பிறகு நானாக வாசித்துக் கற்றுக்கொண்டவள். ஆனாலும் என் மகள் நிஷாந்தினியின் விஷயத்தை நான்தான் சொல்ல வேண்டும்.

பிறந்த ஏழாம் மாதத்தில் அவளுக்குக் கண்களைச் சுற்றிக் கருத்தது. விழவில்லை, இடிபடவில்லை. வீட்டுக்காரர் கொழும்பில் வேலை. பக்கத்துக் காம்பரா வீட்டில், "புள்ளைய அடிச்சிட்டியாடி?" என்று கேட்டார்கள். யாரிடம் போய் இல்லை என்பேன்? கந்தனிடம் மட்டும் சொன்னேன். கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டேன். தினமும் கருமையின் மேல் மை பூசினேன். பிள்ளையின் பாலும் தூக்கமும் தேதி போட்டு எழுதும் கொப்பியில் அதையும் எழுதினேன். ஆறு வாரம்.

எடை பார்க்க வந்த அம்மையார், "மை தூக்கலா இருக்கே, தொடைக்கவா?" என்றார்.

"வேணாம் மிஸ்ஸி, கண்ணு பட்டுரும்."

"என் கண்ணு ஒன்னும் கொள்ளிக்கண்ணு இல்ல புள்ள. எண்ணெயக் கொண்டா."

மை போயிற்று. கருமை போகவில்லை. யார் அடித்தது என்று கேட்டாரா? இல்லை. "எத்தன நாளா?" என்றுதான் கேட்டார். கொப்பியைக் காட்டினேன். அன்றே என்னோடு பதுளை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார். வயிற்றுக்குள் புற்றுக்கட்டி, அது கண் வரை பரவினால் அப்படிக் கருக்குமாம். நான்கு மாதம் மருந்து கொடுத்தும் பிள்ளை தங்கவில்லை.

"நான் மறைச்சதாலயா மிஸ்ஸி?" என்று கேட்டேன்.

"முன்னாடியே வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியாது. ஒன்னையத் தனியா விட்டுட்டோம், அது தெரியும்" என்றார்.

எடை பார்க்கப் பிள்ளை இல்லாத வீட்டுக்கு யார் வருவார்? அவர் வந்தார். மாதாமாதம் வந்தார். சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். அந்த ஹாலிஎல வீட்டில் அவர் காய்ச்சலில் கிடந்தபோது நம்மில் யார் போனோம்? நானும் போகவில்லை.

தாய்மாரே, எல்லாக் கருமையும் அந்த நோயல்ல என்று அவரே சொல்வார். ஆனால் அடிபடாமல் கண்ணைச் சுற்றிக் கருத்தாலோ, தோலுக்கடியில் நீலமாய் உருண்டைகள் தட்டுப்பட்டாலோ, மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். போகப் பயமாக இருந்தால், புதன்கிழமைதோறும் கிளினிக் வாங்குப் பலகையில் நான் உட்கார்ந்திருப்பேன். யார் என்ன பேசினாலும் கூடவே வருவேன். இனி அம்மையாருக்கு நான் செய்யும் பூசை அதுதான். பிள்ளையில்லாதவளாயிற்றே என்று தயங்காதீர்கள். எனக்கு நேரம் இருக்கிறது.