மறுநாளைக்குக் காலு வேணும்

— சின்ன மலையா சொல்லுண்ணே. இந்நாள் வரைக்கும் மணல்மேட்டத் தவுர வேற எதுலயும் ஏறினவ இல்ல நானு.

— சின்னது பெருசெல்லாம் அப்புறம். உனக்கு இன்னா வேணும், அத சொல்லு எல்லம்மா. வருசம் பூரா சத்தியவேட்டுக்குக் கருவாடு ஏத்தினு போறவன் இந்தச் செங்கல்வராயன். அந்தப் பக்கத்து மலையெல்லாம் என் மாடுங்களுக்கே தெரியும்.

— தலையில பானைய வச்சினு ஏறுற வழியா இருக்கணும். நடுவுல குடிக்கத் தண்ணி இருக்கணும். ஏறி எறங்கினா மறுநாளைக்குக் காலு வலிக்கக் கூடாது.

— மறுநாளைக்குக் காலு இன்னாத்துக்கு? வண்டியில படுத்துனு வரப்போற!

— வேணும்ணே. அடிவாரத்துல ஊரும் இருக்கணும்.

— பொண்ணு பாக்கற மாதிரியில்ல மலை பாக்குற! சரி, நீயா ஏதுனா நெனச்சி வச்சிக்கிறியா?

— வானம் வெளுப்பா கீற அன்னிக்கு எங்க கரையிலேந்து மூணு மலை தெரியும். மூத்தவன், நடுவன், குட்டினு எங்க ஆளுங்க பேரு வச்சிக்கிறாங்க. எனக்குக் குட்டி போதும்.

— குட்டியா! அடி ஆத்தே! அது சின்னதில்லம்மா, தூரம். அண்ணனுங்க தோளுக்குப் பின்னால நின்னு எட்டிப் பாக்குறான். கிட்டப் போனா மூணு பேர்ல அவந்தான் பெரியவன். கரடி வேற கீது.

— எங்க ஊரே அத குட்டினுதான் சொல்லினுகீது.

— படகுல குந்திகினு மலைய அளந்தா அப்படித்தான். நெல்லு வெளையிற ஊர்ல வந்து கேளு, சிரிப்பாங்க. உனக்கு ஏத்தது மூத்தவன். கிட்டக் கீறதால பெருசாத் தெரியறான், அவ்ளோதான். ஆடு மேய்க்கிறவங்க ஏறுற மலை. சாய்வா போவும் வழி. பாதியில ஒரு சுனை. அடிவாரத்துல என் தங்கச்சி ரங்கம்மாள் வூடே கீது. உச்சியிலதான் நிழலு கெடையாது, மொட்டைப் பாறை.

— மொட்டைப் பாறையா? கடலு தெரியுமா அங்கேந்து?

— நேரா தெரியும். நிழலு இல்லனு கேட்டு மூஞ்சி மலர்ற மொத ஆளு நீதாம்மா.

— அப்போ மூத்தவன்தான். மாட்ட ஓட்டுண்ணே.

— அண்ணி! எறங்கு வண்டிய வுட்டு!

— மாசிலாமணியா? அண்ணே, பயப்படாத. எங்க வூட்டுக்காரரோட தம்பி இவரு. சத்தம்தான் பெருசு.

— எறங்குனு சொல்றேன். தாலியறுத்து மூணு மாசம் ஆவல, அதுக்குள்ள மலை சுத்திப் பாக்கக் கெளம்பிட்டியே. ஊரு இன்னா சொல்லும்?

— சொல்லட்டும். ஊரு வாய மூட உலைமூடி இல்ல.

— அதுலயும் மூத்தவன் மேலயா? அது நம்ம குறி மலை அண்ணி. கடல்லேந்து பாக்கும்போது மூத்தவனும் கோட்டைக் கொடிமரமும் ஒரே நேர்ல நின்னா அதான் முகத்துவாரம், கண்ண மூடினு ஏரிக்குள்ள வந்துடலாம். அந்த மலைய நம்ம சனம் மிதிக்கக் கூடாது. மிதிச்சா குறி கலைஞ்சி போவும். தெரியுமில்ல?

— உங்க அண்ணன் போன அன்னிக்கு எந்த மலைய நான் மிதிச்சேன்?

— அது ராத்திரி அண்ணி, மலையே தெரியாதே.

— அதத்தான்யா சொல்றேன். பொழுது போனா மலை ஏது, கொடிமரம் ஏது? முகத்துவாரத்துல நாங்க பொம்பளைங்க கொளுத்தி வக்கிற நெருப்புதான் ஆம்பளைங்களுக்கு வழி. அன்னிக்கும் கொளுத்தினோம். கோட்டை சிப்பாய்ங்க வந்து மண்ண அள்ளிப் போட்டு அணைச்சாங்க. உங்க அண்ணன் வழி தெரியாம மணல்திட்டுல மோதினாரு. அவரு கத்தினது எனக்குக் கேட்டுச்சு மாசிலாமணி. கையில கொள்ளி இருந்துச்சு, ஏத்த வுடல.

— எனக்கு மட்டும் வலிக்கலயா அண்ணி? இன்னா பண்றது சொல்லு. இங்கிலீசுக்காரன் கப்பலு சுத்தினுகீதாம். கரையில நெருப்பு தெரிஞ்சா சவுக்கடினு புது கப்பித்தான் தண்டோரா போட்டுட்டான். கோட்டைய ஆளுற ஒல்லாந்துக்காரன் கிட்ட பீரங்கி கீது, நம்ம கிட்ட துடுப்புதான் கீது.

— அதுக்காக? எம் மவன் கோபாலு இப்போ அதே கடலுக்குப் போறான். உன் மவனும் போறான். நாம கையக் கட்டினு இருட்டப் பாத்துனு குந்திகினு இருக்கணுமா?

— அதுக்கு நீ மலையேறி சாமி கும்புட்டா ஆச்சா?

— நான் சாமி கும்புடப் போறேன்னு யாரு சொன்னது?

— பின்ன? அந்தப் பானையில இன்னா, நெய்யி தானே?

— மோந்து பாரு.

— தூ... சுறா எண்ணெய்!

— ஏம்மா, அதான் அந்த நாத்தமா? நம்ம கருவாட்டு மூட்டைதான் கெட்டுப்போச்சுனு பயந்துனு இருந்தேன் நானு!

— செங்கல்வராயன் அண்ணே, நீ கொஞ்சம் சும்மா இரு. அண்ணி... வண்டியில கந்தல்துணி மூட்டை, பானையில சுறா எண்ணெய்... அந்த மொட்டைப் பாறை மேலயா? நெருப்பா?

— தண்டோராவுல இன்னா சொன்னான்? கரையில நெருப்பு கூடாதுனு சொன்னான். மலை கரையா? அது அவன் எல்லையே இல்ல. எவன் வந்து மண்ணள்ளிப் போடுவான், பாக்கறேன்.

— இங்கிலீசுக்காரன் கண்ணுல படுமே?

— படட்டும். நெருப்பு தெரிஞ்சா போதுமா? மணல்திட்டு எங்க கீது, ஆழமான வழி எங்க கீதுனு அவனுக்குத் தெரியுமா? நம்ம பசங்களுக்கு மூத்தவன் இந்தப் பக்கம் கீறான்னு தெரிஞ்சா போதும். மிச்சத்த அலையே சொல்லிக் குடுக்கும்.

— குறி கலைஞ்சிடும் அண்ணி...

— ராத்திரி ஆனா இல்லாமப் போற குறி. அதுல கலையறதுக்கு இன்னாய்யா கீது? இன்னிமே ராத்திரியிலயும் நிக்கட்டும்.

— கோபாலுக்குத் தெரியுமா?

— தெரியாது. கடல்லேந்து பாத்துத் தெரிஞ்சிக்கட்டும்.

— ...சரி. போ. ஊரு கேட்டா உங்க அம்மா வூட்டுக்குப் போயிக்கிறனு சொல்லிக்கிறேன். ஒரு வாட்டி கொளுத்திட்டு, அண்ணன் பேர சொல்லி அழுதுட்டு வந்துடு. மனசு ஆறட்டும்.

— அழுவறதுக்கு மலை எதுக்குய்யா? அத வூட்டுலயே பண்ணிட்டேன்.

— ஏம்மா எல்லம்மா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லிடு. கோட்டைக்காரன் கேட்டா நான் கருவாடு ஏத்தினு போனேன்பேன், எனக்குப் பயமில்ல. திரும்பக் கூட்டினு வர வண்டிய எந்த நாளு கட்டட்டும்?

— திரும்பவா? ரங்கம்மாள் வூட்டுல ஒரு மூலை கெடைச்சா போதும்ணே. நீ வரும்போதெல்லாம் ஒரு பானை சுறா எண்ணெய் ஏத்தினு வா. மறுநாளைக்குக் காலு எதுக்குனு கேட்டியே, அந்தத் தண்டோரா ஓயற வரைக்கும் நான் தெனமும் ஏறணும்ல.