பூஜையில் வைத்த ஃப்ளாப்பிகள்

சந்தனத்தை இப்போது யாரும் கல்லில் அரைப்பதில்லை. கடையில் தூளாக டப்பாவில் கிடைக்கிறது. தண்ணீர் விட்டுக் குழைத்தால் வேலை முடிந்தது. எனக்கு அது ஒத்துவராது. தூள் சந்தனம் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். கட்டையை வைத்து அரைத்தது அப்படியல்ல, காய்ந்த பிறகுதான் கெட்டியாகப் பிடிக்கும்.

என் பெயர் ரெங்கம்மாள். ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் மாடி வைத்த வீடு. என் வீட்டுக்காரர் வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். அவர் போன பிறகு எனக்கு மிஞ்சியது இந்த வீடும் ஒரு டெலிபோனும். மாடியை டோரதிக்கு வாடகைக்கு விட்டேன். மணப்பாறைப் பெண், திருச்சியில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி டீச்சர். எதிர்வீட்டு வீரம்மாளுக்கு அது பொறுக்கவில்லை.

“என்னக்கா, பெருமாள் ஊர்ல மாடியில ஏசுநாதரைக் குடி வச்சிட்டீங்களாமே?”

“அவரு மேல இருக்காரு, பெருமாள் கீழ இருக்காரு. அவங்களுக்குள்ள சண்டை இல்ல. உனக்கு என்னடி வந்துச்சு?”

அவளிடம் அப்படிச் சொன்னாலும் நானும் கவனிக்காமல் இல்லை. மாடிப்படி என் படுக்கையறைச் சுவரை ஒட்டிப் போகிறது. யார் ஏறுகிறார்கள், எவ்வளவு நேரம் கழித்து இறங்குகிறார்கள் என்பதெல்லாம் தானாகவே காதில் விழும். ஒட்டுக்கேட்பது வேறு, காது இருப்பது வேறு.

சனிக்கிழமைதோறும் அருள்நாதன் என்று ஒருவர் வந்தார். பாலக்கரையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவர், பெண்டாட்டி பிள்ளை உள்ளவர். கையில் ஒரு பழுப்புக் கவர் இருக்கும். வாசற்படியில் நின்றே கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வாரத்தின் நடுவில் அதே கவரை டோரதி பையில் வைத்துக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறுவாள். ஒரே கவர் ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் இப்படிப் போவதும் வருவதுமாக இருந்தால் நான் என்ன நினைப்பேன்? ஒரு நாள் மாடியைப் பெருக்கும் சாக்கில் பிரித்துப் பார்த்தேன். உள்ளே சதுரமாக, கறுப்பாக, வளைகிற மாதிரி சில அட்டைகள். கடிதம் இல்லை, போட்டோ இல்லை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

கேட்டதும் டோரதியே விளக்கினாள். அவற்றுக்கு ஃப்ளாப்பி என்று பேராம். மாவட்டத்துக் கிணறு, குளம், வாய்க்கால் எல்லாம் சுற்றி, மழைக்கு முன்னும் பின்னும் தண்ணீர் அள்ளிவந்து சோதித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி. அதன் கணக்கு முழுவதும் பாலக்கரை கம்ப்யூட்டரில் இருந்தது, பிரதி இங்கே.

“அதான் அங்க இருக்கே, இங்க எதுக்கு?”

“அங்க தீப்பிடிச்சா? எழுபத்தேழு வெள்ளத்துல அருள்நாதன் சார் வீட்டுல ஒரு காகிதம் மிஞ்சலையாம். அதுலேர்ந்து அவருக்கு எதுன்னாலும் ஆத்துக்கு அந்தாண்ட ஒண்ணு, இந்தாண்ட ஒண்ணு இருக்கணும். பேக்கப்பும்மா.”

ஃப்ளாப்பியின் நடுவில் ஒரு வட்டமான ஓட்டை. அதற்குக் கீழே நீளவாக்கில் ஒரு ஜன்னல். அதற்குள் பழுப்பு நிறத்தில் ஒரு தட்டு தெரியும். “இந்த ஜன்னல்ல மட்டும் விரல் படக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு பட்டாலே போச்சு,” என்றாள். நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன்.

அவள் வந்த பிறகுதான் வீடு வீடாக இருந்தது. சாயங்காலம் கீழே வந்து என்னோடு காப்பி குடிப்பாள். கல்லூரியில் யாருக்கு யாரோடு ஆகாது என்பதை அவள் அரைகுறையாகச் சொல்ல, மீதியை நான் சொல்லிவிடுவேன். ஊருக்குப் போனால் எனக்கென்று முறுக்கு வாங்கி வருவாள். வாடகைக்கு வந்தவள் என்ற நினைப்பே எனக்கு இல்லை.

பொங்கலுக்கு வீடு ஒழித்தபோது, மாடிப்படிக்கு அடியில் அவள் கட்டி வைத்திருந்த நோட்டுகள் பழைய பேப்பர்காரனிடம் போய்விட்டன. தண்ணீர்க் கணக்கையெல்லாம் முதலில் கையால் எழுதி வைத்த நோட்டுகள். அவள் முகம் வெளுத்தது, பிறகு சிரித்துவிட்டாள். “பரவாயில்லம்மா, எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு.” அது தவறுதலாக நடந்ததுதான். அதே வாரத்தில் டெலிபோனில் பெங்களூர்ப் பேச்சு வந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

டெலிபோன் என் அறையில் இருக்கிறது. நான் அடுப்படியில் இருந்தேன். அவள் அண்ணனிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். “தீசிஸ் குடுத்துட்டா டிசம்பர்ல அங்க சேர்ந்துரலாம்ணே. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க. ரெங்கம்மாகிட்ட இன்னும் சொல்லல. அவங்க என்னமோ ஆயிருவாங்க.”

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குத் தும்மல் உடம்பு, பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொள்ளாது. முன்பின் தெரியாத ஊரில் தனியாக இருக்கும் பெண்ணை எத்தனை பேர் கவனிப்பார்கள்? என்னைப் போல அக்கறையோடு கவனிக்கிறவர்கள் எங்கும் இருக்கமாட்டார்கள்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை லீவுக்கு அவள் மணப்பாறை போயிருந்தாள். பூஜையன்று காலையில் டெலிபோன் அடித்தது. அருள்நாதன்.

“அம்மா, டோரதி மேடம் ஊருக்குப் போயிட்டாங்களா? கரண்ட் ஏறி எறங்கினதுல கம்ப்யூட்டர் போயிருச்சும்மா. உள்ள இருந்த எதுவும் மிஞ்சல. உங்க மாடியில இருக்கறதுதான் இனிமே. யாரும் தொடாம பாத்துக்கங்க. மெக்கானிக்கைப் பாத்துட்டு நாளைக்கு நானே வர்றேன்.”

“பதறாதீங்க. நான் பாத்துக்கறேன்,” என்றேன்.

போனை வைத்து, டயலுக்கு வழக்கம்போல் பூட்டுப் போட்டேன். பிறகு சந்தனக் கல்லைக் கழுவினேன்.

என் வீட்டுக்காரர் போனதிலிருந்து நான் குங்குமம் வைத்துக்கொள்வதில்லை. சாமான்களுக்கு வைக்க என்ன தடை? அரிவாள்மணை, தையல் மிஷின், மண்டித் தராசு, டெலிபோன், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். படிப்புச் சாமானாயிற்றே என்று மாடியிலிருந்து ஃப்ளாப்பிகளையும் எடுத்துவந்து பலகையில் பரப்பினேன். பொட்டை மூலையில் வைத்திருக்கலாம். ஜன்னலில் வைத்தேன். ஓட்டையில் விரலை விட்டு உள்ளே இருக்கும் தட்டைச் சற்று நகர்த்தி, மறுபடி வைத்தேன். மறுபடி நகர்த்தினேன். ஒரு சுற்று முடிந்ததும் திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும். நான் அவசரப்படவில்லை. பூஜையில் அவசரம் கூடாது.

மறுநாள் அருள்நாதன் வந்தார். அவர் சொல்லியனுப்பி டோரதியும் வந்திருந்தாள். பலகையைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“சரஸ்வதி இல்லையா கண்ணு? உனக்கு நல்லா வரணும்னுதான் வச்சேன்,” என்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அது நானாக வரவழைத்தது இல்லை. டோரதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அருள்நாதன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“பொட்டுன்னா ஒரு இடத்துல இருக்கும். இது எப்படிம்மா சுத்தி முழுக்க இருக்கு? ரெண்டு பக்கமும்? நேத்து போன்ல அவ்வளவு சொன்னேனே.”

“எந்த போன்?” என்றேன்.

“சார், போதும்,” என்றாள் டோரதி. “உங்க மிஷின் போனதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க? தெரியாம செஞ்சவங்களைப் போயி…”

“அப்ப நான் பொய் சொல்றேனா மேடம்?”

அவள் என் கையை விடவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர், பிறகு இந்தத் தெருப் பக்கம் வரவே இல்லை. சனிக்கிழமைக் கவர் விஷயத்தை, ஃப்ளாப்பி என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு, வீரம்மாள் காதில் போட்டு வைத்தேன். அது பஸ் ஏறிப் பாலக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. பெண் பிள்ளைகளை அங்கே கம்ப்யூட்டர் படிக்க அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்வி. இப்போது அந்த இடத்தில் டெய்லர் கடை இருக்கிறதாம்.

பெங்களூர் வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். டோரதி மறுபடி பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு கிணறு கிணறாகப் போனாள். முந்தைய வருஷங்களின் மழைத் தண்ணீரை எங்கே போய் அள்ளுவது? ஆதியிலிருந்துதான் ஆரம்பித்தாள். கொஞ்சம் நரைத்துவிட்டது. சில ராத்திரிகளில் மாடியில் அழுவது கேட்கும். காலையில் காப்பியைச் சற்றுக் கெட்டியாகப் போட்டுக் கொடுப்பேன்.

இந்தத் தடவை தில்லை நகரில் வேறு ஒரு சென்டர். வேலை முடிகிற நிலைக்கு வந்துவிட்டது, பொங்கல் கழிந்ததும் கொடுத்துவிடலாம் என்கிறாள். பிரதியை மாடியில் வைப்பதில்லை. “உங்ககிட்ட இருந்தாத்தாம்மா எனக்கு பயமில்ல,” என்று என்னிடமே கொடுத்து, பூஜை அலமாரியில் வைக்கச் சொன்னாள். “பொட்டு மட்டும் வச்சிராதீங்க,” என்று சிரித்தாள்.

வைக்கமாட்டேன். அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? கவர் அலமாரியின் கீழ்த்தட்டில் பத்திரமாக இருக்கிறது. மேல்தட்டில் விளக்கு. விளக்கென்று இருந்தால் எண்ணெய் கொஞ்சம் வழியத்தான் செய்யும்.