வடக்கு வாசலில் ஒரு கொட்டாவி

வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. படியில் இடம் இருக்கிறது, நெருக்கி உட்காருங்க. கரண்ட் இப்போதைக்கு வராது. மேல்மாடிக்காரர் கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டுப் பார்த்துவிட்டார், எடுக்க ஆள் இல்லை. அந்த விளக்கை என் பக்கத்தில் வைங்க. இல்லை, என் கையிலேயே கொடுத்துடுங்க. ம்... இப்போ சரி.

ஒரு கதை சொல்றேன். பயமாக இருந்தால் பக்கத்தில் இருக்கிறவர் கையைப் பிடிச்சுக்கலாம். யார் கைன்னு மட்டும் முதல்ல பார்த்துக்குங்க.

நேரம் ராத்திரி ரெண்டே கால். ஒரு ரோடு. ரெண்டு பக்கமும் பனி. பனிக்கு மேலே கறுப்பாக மரங்கள். ஒரு வீடு கிடையாது, ஒரு நாய் கிடையாது. ரோடு போய் முடிகிற இடத்தில் ஒரு மர வாசல். அந்த வாசலில் ஒருவன் லாந்தர் பிடித்துக்கொண்டு நிற்கிறான்...

அந்த ரோட்டுக்கு நீங்கள் பஸ் பிடித்துப் போக முடியாது. அது ஒரு கம்ப்யூட்டர் கேமுக்குள் இருக்கிறது.

பார்த்தீங்களா, சிரிக்கிறீங்க. சிரிங்க. என் சிநேகிதியின் தம்பியும் முதலில் இப்படித்தான் சிரித்தான்.

சிநேகிதி தையல்காரி. மூணாவது மாடியில் என் வீட்டுக்கு ஒட்டின வீடு பூட்டிக் கிடக்கிறதே, அங்கேதான் குடியிருந்தாள். என்னைவிட இருபது வயசு சின்னவள். கூடப் பிறந்தவன் ஒரே தம்பி. அப்பா அம்மா போன பிறகு இவள்தான் அவனுக்குச் சோறு போட்டு, படிக்க வைத்து, லிஃப்ட் மெக்கானிக் வேலையில் சேர்த்துவிட்டாள். அவனுக்குக் குடி இல்லை, சிகரெட் இல்லை. இந்தக் கேம் ஒன்றுதான்.

கேம் எப்படி என்றால், ஒரு பனிக்காடு. நாலைந்து பேர் சேர்ந்து முகாம் போட வேண்டும். விறகு வெட்டி, வேலி கட்டி, தானியம் சேர்க்க வேண்டும். நீங்கள் கம்ப்யூட்டரை அணைத்தால் உங்கள் ஆள் மறைந்துவிடுவான். ஆனால் காடு நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். காவலுக்கு ஒருத்தர்கூட இல்லையென்றால் ஓநாய் வரும். ஆறு மாசம் சேர்த்தது காலையில் இருக்காது.

அதனால் விளையாடுகிறவர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். கேம் பண்ணினவன் போட்ட சட்டம் இல்லை, இவர்களே வைத்தது. ராத்திரி ஒருவர் லாந்தரோடு வடக்கு வாசலில் நிற்பார். அடுத்தவர் வந்து மைக்கில் வாய் திறந்து சொல்ல வேண்டும்: "போய்ப் படு, நான் பார்த்துக்கிறேன்." அந்த வார்த்தை காதில் விழாமல் காவல்காரர் நகரக் கூடாது. நகர்ந்தவனை அப்புறம் எந்த முகாமிலும் சேர்க்க மாட்டார்கள்.

தம்பியின் முகாமில் மூன்று பேர். இவன் ஒருவன். பேக்கரியில் வேலை செய்கிற ஒருவன், அவனுக்குப் பட்டப்பெயர் மாவு. மூன்றாவது ஆள் ஒரு குளிர்க்கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன். விடியற்காலை நாலு மணிக்கு ஷிப்ட். எப்போதும் தூக்கம் போதாது. மைக்கில் வந்தாலே நீளமாக ஒரு கொட்டாவி... ஆ... வ்... கடைசியில் தாடை எலும்பு "டொக்". பெட்டிப் பூட்டு விழுகிற மாதிரி. அதனால் அவனுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கொட்டாவி.

"டேய் கொட்டாவி, வாயை மூடுடா, ஓநாய் உள்ள போயிடப் போகுது" என்பான் மாவு.

"போனா அதுவும் தூங்கிடும்டா" என்பான் அவன்.

தம்பி அவன் முகத்தைப் பார்த்ததே இல்லை. அந்த "டொக்" மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள் ராத்திரி பன்னிரண்டு மணி வரை கொட்டாவியின் முறை. அதற்குப் பிறகு தம்பியின் முறை. அன்றைக்கு இவன் பகலெல்லாம் லிஃப்ட் குழிக்குள் நின்று வேலை பார்த்தவன். கண் எரிகிறது. மைக்கில் சொன்னான்: "பத்து நிமிஷம்டா. தலையைச் சாய்ச்சுட்டு வந்திடறேன்."

"பத்து நிமிஷம்தானே? போ. நான் நிக்கிறேன்."

இவன் கண் விழித்தபோது ஜன்னலில் வெயில். மணி ஏழரை.

இருங்க, எனக்கே ஒரு கொட்டாவி வருது... ஆ... இந்தப் பேச்சை எடுத்தாலே தொத்திக்கும். என்ன சத்தமா? ஒன்றுமில்லை கண்ணு. கிழவி வாயில் ஆயிரம் சத்தம் வரும்.

அன்றைக்கு மத்தியானம் மாவு போன் செய்தான். குரலே சரியில்லை. கொட்டாவி விடியற்காலை வேலைக்கு பைக்கில் போயிருக்கிறான். மூணே முக்கால் வரைக்கும் வாசலை விட்டு நகராமல் நின்றுவிட்டு, லாந்தர் அணையக் கூடாது என்று கம்ப்யூட்டரை அணைக்காமல் அப்படியே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வழியில் விளக்கு போடாமல் ஒரு லாரி நின்றிருந்தது. பிரேக் பிடித்த தடம்கூட ரோட்டில் இல்லையாம்.

"தூங்கிட்டே ஓட்டியிருக்கான்" என்றான் மாவு. அப்புறம் கேட்டான்: "நேத்து ராத்திரி நீதானே மாத்தணும்? மாத்தினியா?"

தம்பி போனைக் கட் பண்ணிவிட்டான். மாவும் மறுபடி கூப்பிடவில்லை.

கொட்டாவியின் அம்மா ஒயரைப் பிடுங்கி, கம்ப்யூட்டரை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார். அப்படியானால் கேமுக்குள் அவன் ஆள் மறைந்திருக்க வேண்டும், இல்லையா?

மறையவில்லை.

முதலில் வேறு முகாம்காரர்கள்தான் பார்த்தார்கள். ரெண்டே கால் மணிக்கு வடக்கு ரோட்டில் நடந்தால் இந்த மூன்று பேரின் ஆளில்லாத முகாம் வாசலில் ஒரு லாந்தர் எரிகிறது. கிட்டே போனால் ஒரு ஆள். திரையைப் போட்டோ எடுத்தால் படத்தில் லாந்தர் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. மைக் எதுவும் இணைப்பில் இல்லை, ஆனால் காதில் ஒரு கொட்டாவி... ஆ... வ்... டொக். ஆயிரக்கணக்கான பேர் எழுதிப் பேசுகிற இடம் அவர்களுக்கு உண்டு. அதில் ஒரு மாசம் இதே பேச்சு. எதையும் சொல்லிவிடாதே, குறிப்பாக அந்த வார்த்தையைச் சொல்லிவிடாதே, கூடவே கொட்டாவி விட்டுவிடாதே என்று ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொண்டார்கள்.

"பேய்க்கு வேற வேலை இல்லையா, கொட்டாவி விட்டுக்கிட்டு!" என்று ஒருவன் எழுதினான். அதைப் படித்து நம் தம்பியும் முதலில் சிரித்துவிட்டான். யாரோ பதிவு செய்து போட்ட சத்தத்தைக் கேட்ட பிறகுதான் சிரிப்பு நின்றது. அந்த "டொக்"கை அவன் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறானே.

அக்காவிடம் சொன்னான். அவள் தையலை நிறுத்திவிட்டுப் பயந்துபோய்ப் பார்த்தாள்.

"போகாதேடா ராசா. போன உசிரு போயிடுச்சு. நீ கோயிலோ குளமோ எங்கயாவது போய் ஒரு விளக்கு வச்சுட்டு வா."

"அவன்தான் அங்க விளக்கு வச்சுக்கிட்டு நிக்கிறானேக்கா. நான் தூங்கிட்டேன், அவன் நிக்கிறான். அவ்வளவுதான்."

அன்று ராத்திரி அவன் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எனக்குச் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்றேன்.

மணி ரெண்டே கால். திரையில் பனி. நடக்கும்போது சரக்... சரக்... தூரத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு. அது பெரிதாகிக்கொண்டே வந்தது. அறைக்குள் ஒரு வாசனை. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை, ஐஸ் உருகிய தரை வாசனை. அவள் கால் விரல் விறைத்துப் போயிற்று.

திரையில் அந்த ஆள் திரும்பிப் பார்த்தான்.

"வந்துட்டியா..." என்றது ஒரு குரல். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்றாள். "பத்து நிமிஷம் ஆயிடுச்சா?"

தம்பி மைக்கைக் கிட்டே இழுத்தான். "ஆயிடுச்சுடா" என்றான். அப்புறம் சொன்னான்: "போய்ப் படு. நான் பார்த்துக்கிறேன்."

ஒரு பெருமூச்சு. ஏதோ கீழே வைக்கிற சத்தம். கொஞ்ச நேரத்தில் குறட்டை... குழந்தை குறட்டை மாதிரி. அதுவும் தேய்ந்து நின்றது. வாசலில் ஆள் இல்லை. லாந்தர் இப்போது தம்பியின் கையில்.

நல்லபடியாக முடிந்தது என்று அக்கா எழுந்தாள். அப்போது அவள் தம்பி ஒரு கொட்டாவி விட்டான். நீளமாக. கடைசியில்...

டொக்.

அதன் பிறகு அவன் தூங்கவில்லை. தூங்க முயன்றான், வரவில்லை. கம்ப்யூட்டரை அணைத்தான், ஒயரைப் பிடுங்கினான், மாத்திரை போட்டான். "கண்ணை மூடினா பனி தெரியுதுக்கா. கையில லாந்தர் கனக்குது. கீழ வைக்க முடியல." ஒரு நாள், ரெண்டு நாள், நாலு நாள். ஐந்தாம் நாள் ஏழாவது மாடி உயரத்தில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று வேலை பார்க்கும்போது, நின்றபடியே முன்னால் சாய்ந்திருக்கிறான். கூட வேலை செய்தவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்துவிட்டான். இல்லையென்றால்... வேண்டாம், அதை எதுக்குச் சொல்லிக்கிட்டு.

அவனை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அக்கா தையலை ஓரமாக வைத்தாள். பிடுங்கிய ஒயரையெல்லாம் அவனை விட்டே மாட்டச் சொன்னாள். ரெண்டே கால் ஆகும்வரை காத்திருந்தாள். அவனை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தாள். அந்த ஹெட்போனை எந்தப் பக்கம் மாட்ட வேண்டும் என்றுகூடத் தெரியாது அவளுக்கு. தலைகீழாக மாட்டிக்கொண்டாள்.

"அக்கா, வேண்டாம்க்கா..."

"நீ பேசாதே. சின்ன வயசுல உனக்குக் காய்ச்சல்னா யாருடா முழிச்சுக்கிட்டு இருந்தது?" என்றாள். பிறகு மைக்கைப் பார்த்து, அரிசி அளக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்: "போய்ப் படு. நான் பார்த்துக்கிறேன்."

அவன் அந்த இடத்திலேயே சரிந்து அவள் மடியில் தலை வைத்தான். பத்தொன்பது மணி நேரம் தூங்கினான்.

அவளுக்குத் தூக்கம் போயிற்று.

எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரியெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடும். கடகட... கடகட... "என்னடி, ராத்திரி ஷிப்ட்டா?" என்று கேட்டால் சிரிப்பாள். "நல்லதாப் போச்சுக்கா, தேங்கிக் கிடந்த திரைச்சீலை எல்லாம் முடிஞ்சிடுச்சு." கண்ணுக்குக் கீழே கறுப்பு ஏறிக்கொண்டே வந்தது. விலாவில் எலும்பு தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி மெஷின் சத்தம் மாறிக் கேட்டது. ஏதோ ஈரத்தில் ஊசி இறங்குகிற மாதிரி. போய்க் கதவைத் தள்ளினேன். ஊசி அவள் விரல் வழியாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. வெள்ளைத் துணி முழுக்கச் சிவப்பு. அவள் பெடலை மிதித்துக்கொண்டே இருக்கிறாள். வலி தெரியவில்லை. கண் திறந்திருக்கிறது, ஆனால் இந்த அறையைப் பார்க்கவில்லை. பக்கத்து மேசையில் கம்ப்யூட்டர் எரிகிறது. திரையில் பனி.

விரலைத் துணியால் கட்டிக்கொண்டே கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னாள். தம்பியிடம் சொல்லக் கூடாது, சொன்னால் அவன் திரும்ப வாங்கிக்கொள்வான் என்றாள். சொல்லிக்கொண்டே கொட்டாவி விட்டாள். "டொக்."

பிள்ளைங்களா, கண் முன்னால் ஒருத்தி அப்படி உட்கார்ந்திருந்தால் உங்கள் வாயில் என்ன வரும்? யோசித்தா வரும்? தெரிந்தேதான் சொன்னேனா, பழக்கத்தில் வந்துவிட்டதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் தலையைத் தடவினேன். அந்தப் பாழாய்ப் போன மைக் பக்கத்திலேயே இருந்தது...

அவள் தூங்கிவிட்டாள். மறு மாசம் அக்காவும் தம்பியும் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு வேறு ஊர் போனார்கள். சௌக்கியமாக இருக்கிறார்கள். தம்பி கேம் பக்கமே போவதில்லை. தம்பி என் நம்பரைக் கொடுத்திருக்கிறான் போல, மாவு மட்டும் எப்போதாவது எனக்குப் போன் பண்ணி அழுவான்.

போன வாரம் பேசினான். வடக்கு ரோட்டில் போய்வந்தவர்கள் இப்போது புதிதாக ஒன்று எழுதுகிறார்களாம். வாசலில் லாந்தர் எரிகிறதாம். ஆனால் இப்போது கொட்டாவிச் சத்தத்தோடு நிற்கவில்லையாம். யாரோ ஒரு வயசான பொம்பளை மெதுவாகக் கதை சொல்கிற குரலும் கேட்கிறதாம்.

அதுதான் கண்ணுங்களா, எந்த நேரத்தில் வந்து கதவைத் தட்டினாலும் முதல் தட்டிலேயே திறக்கிறேன். உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நான் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். எனக்கு அது ஒரு சிரமம் இல்லை. எப்படியும் முழித்துத்தானே இருக்கிறேன்.

ஏய், மூணாவது படியிலே இருக்கிற தங்கம்... வாயைத் திறக்காதே. என்ன சொல்ல வந்தாய் என்று எனக்குத் தெரியும். நல்ல மனசுதான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் என்கிட்ட யாரும் சொல்லக் கூடாது. என்னோடு நிற்கட்டும் இது.

மணி ரெண்டு ஆகப் போகிறது. எழுந்திருங்க. பார்த்துப் படி ஏறுங்க, விளக்கை நான் பிடிக்கிறேன். உங்க வீட்டுக் கதவுகள் பத்திரமாகத் தாழ் போட்டிருக்கட்டும். வேலைக்குப் போனவங்க எல்லாரும் விடியறதுக்குள்ள வீடு வந்து சேரட்டும். தலையைச் சாய்த்ததும் உங்க பெரியவங்களுக்கும் குழந்தைங்களுக்கும் கனவில்லாத தூக்கமாக வரட்டும். உங்க வீட்டில் யாரும் யாருக்காகவும் வாசலில் காத்து நிற்காமல் இருக்கட்டும்.