மூன்று எண்ணும் வரை

இக்னேஷியஸ்: டார்க் ரூம்ல இல்ல, பரண்ல இல்ல. ரெண்டு நாள் பரங்கிமலையில அக்கா வீட்டுக்குப் போய் வந்தா வீடே தலைகீழாக் கிடக்கு. கடைசியாக் கேக்கறேன் வெரோனிகா. என் ஸ்டாண்டு கேமரா எங்க?

வெரோனிகா: முதல்ல செருப்பைக் கழட்டுங்க. இப்பத்தான் தரை துடைச்சேன்.

இக்னேஷியஸ்: செருப்பா முக்கியம்?

வெரோனிகா: கத்தாதீங்க. ஜெபம் முடிஞ்சு ஜனம் போய்க்கினு இருக்கு...

இக்னேஷியஸ்: போகட்டும். சாந்தோம் முழுக்கக் கேக்கட்டும். மேஜை மேல இந்த டப்பா எப்படி வந்துச்சு?

வெரோனிகா: டப்பா இல்ல. கேமரா.

இக்னேஷியஸ்: எனக்கே சொல்லித் தர்றியா? பதினாறு வருஷமா இந்தத் தொழில்ல...

வெரோனிகா: பாண்டிபஜார் வலியுல்லா கடையில மாத்திட்டேன். சண்டை முடிஞ்சு ஊருக்குப் போற சோல்ஜர் யாரோ வித்துட்டுப் போனதாம். கழுத்துல மாட்டிக்கலாம். கனமே இல்ல.

இக்னேஷியஸ்: மாத்திட்டே...

வெரோனிகா: ஆமா.

இக்னேஷியஸ்: என்னைக் கேக்காம.

வெரோனிகா: கேட்டா விடுவீங்களா?

இக்னேஷியஸ்: அடிப்பாவி! நாளைக்கு இன்னா நாள் தெரியுமா? கான்வென்ட்ல முதல் தடவை புதுநன்மை வாங்கற பிள்ளைங்களோட குரூப் போட்டோ. நாற்பத்திரண்டு பிள்ளைங்க, நாலு சிஸ்டர், நடுவுல சாமியார். இந்தத் தபால்தலை சைஸ் ஃபிலிம்ல நாற்பத்தேழு மூஞ்சியை எங்க கொண்டுபோய் அடைக்கிறது?

வெரோனிகா: பெரிசு பண்ணிக்க வேண்டியதுதானே.

இக்னேஷியஸ்: பெரிசு பண்ணினா ரவை கொட்டின மாதிரி புள்ளி புள்ளியாத் தெரியும். என் கேமராவுல படம் விழற கண்ணாடி ப்ளேட்டுன்னா அது மேல காகிதத்தை வெச்சு வெயில்ல காட்டினாப் போதும், கண்ணிமை வரைக்கும் விழும். ஒருத்தி கன்னத்துல அம்மைத் தழும்பு இருந்தா ப்ளேட்லயே பென்சில் வெச்சுத் தேய்ச்சு மறைச்சிடுவேன். இதுல பென்சிலை எங்க வைக்கிறது? உன் தலையிலயா?

வெரோனிகா: உங்களுக்கு முதுகுவலியாச்சேன்னு...

இக்னேஷியஸ்: வலிக்குதுன்னு உன்கிட்ட அழுதேனா?

வெரோனிகா: ரிக்‌ஷாவுல தூக்கி வைக்கிறப்போ தினம் மாதாவைக் கூப்பிடறீங்க.

இக்னேஷியஸ்: கூப்பிடுவேன். என் மாதா, என் முதுகு. நடுவுல நீ யாருடி? வலியுல்லா ஆறு மணிக்குக் கடை சாத்துவான். இதை அவன் மூஞ்சியில விட்டெறிஞ்சுட்டு என்னோடதைத் தூக்கிட்டு வர்றேன்.

வெரோனிகா: கொடுக்க மாட்டேன். கீழ வைங்க.

இக்னேஷியஸ்: கையை விடு. முதல்ல உள்ள உருப்படியா ஏதாவது இருக்கான்னு பாக்கறேன். இந்தக் கொக்கியைத் தள்ளினா பின்பக்கம் திறக்கும்...

வெரோனிகா: திறக்காதீங்க! உள்ள நோரா இருக்கா!

இக்னேஷியஸ்: ...இன்னா சொன்னே?

வெரோனிகா: நம்ம நோராவைப் படம் எடுத்தேன். இன்னிக்குக் காலையில, பீச்சுல. நண்டைத் துரத்திக்கினு ஓடினா. ஓட ஓட எடுத்தேன். வெளிச்சம் பட்டா எல்லாம் போயிடும்...

இக்னேஷியஸ்: நீயா? தூரம் வைக்கத் தெரியுமா உனக்கு? வெளிச்சம் பாக்கத் தெரியுமா?

வெரோனிகா: வலியுல்லா பாய் சொல்லிக் கொடுத்தார்.

இக்னேஷியஸ்: ஆடியிருக்கும். அத்தனையும் ஆடித் தொலைஞ்சிருக்கும்.

வெரோனிகா: ஆடட்டுமே! புள்ளைன்னா ஆடத்தான் செய்யும். உங்க கேமராவுக்கு, மூடியைக் கழட்டி மூணு எண்ணற வரைக்கும் மூச்சு விடாம நிக்கணும். தலை அசையாம இருக்கக் கழுத்துக்குப் பின்னால இரும்புக் கவை வேற. ரெண்டரை வயசுப் புள்ள நிக்குமா?

இக்னேஷியஸ்: நிக்கற வயசு வரட்டும்னுதானே சொன்னேன்.

வெரோனிகா: ஐரினுக்கும் அதையேதான் சொன்னீங்க.

இக்னேஷியஸ்: ...அவ பேரை இழுக்காதே.

வெரோனிகா: இழுப்பேன்! ஊர்ப் புள்ளைங்களை எல்லாம் சுவர்ல மாட்டினீங்க. பெத்த புள்ளைக்கு நாலு வருஷத்துல ஒரே ஒரு படம். சவப்பெட்டிக்குள்ள, தலையில பூமுடி வெச்சு. நல்லாத்தான் விழுந்திருக்கு, கண்ணிமை வரைக்கும். அன்னிக்கு மட்டும்தானே அவ ஆடலை!

இக்னேஷியஸ்: வெரோனிகா...

வெரோனிகா: இன்னொண்ணையும் அப்படிப் பாக்க என்னால முடியாது. முதுகுவலியும் இல்ல, மண்ணும் இல்ல. அந்தக் கேமரா இந்த வீட்டுல இருக்கக் கூடாதுன்னுதான் தொலைச்சேன். தெரிஞ்சேதான் தொலைச்சேன். அடிக்கணும்னா அடிங்க. என் ஐரினை உயிரோட ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எடுத்திருந்தீங்கன்னா...

இக்னேஷியஸ்: எடுத்தேன்.

வெரோனிகா: ...இன்னாது?

இக்னேஷியஸ்: எடுத்தேன்டி. ரெண்டாவது பொறந்தநாளுக்கு. நீ கோயிலுக்குப் போயிருந்தே.

வெரோனிகா: எங்க அது? எங்க வெச்சிருக்கீங்க? ஏன் இத்தனை நாளா... எடுங்க, இப்பவே எடுங்க!

இக்னேஷியஸ்: மூணு எண்ணறதுக்குள்ள சிரிச்சுக்கினே திரும்பிட்டா. முகம் கலைஞ்சுபோச்சு. சொந்தப் புள்ளையையே ஒழுங்கா எடுக்கத் தெரியலைன்னு நாலு பேர் சிரிப்பாங்களேன்னு உன்கிட்டகூடக் காட்டலை. சண்டைக் காலம், கண்ணாடி எங்கயும் கிடைக்கலை. ப்ளேட்ல இருந்த அவ படத்தைச் சுரண்டிக் கழுவிட்டுக் கண்ணாடியை மட்டும் எடுத்து வெச்சேன்... நீ தினம் துடைக்கறியே, அவ பெட்டிப் படம், அதுக்குச் சட்டத்துல போட்டிருக்கறது அந்தக் கண்ணாடிதான்.