பிய்யாத தையல்

கைப்பை வாங்கத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு, சார். முக்கால்வாசிப் பேர் வெளியே மினுக்கும் பித்தளை எழுத்தைப் பார்ப்பார்கள், ஜிப்பை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள், உடனே விலையைப் பாதியாக்கிக் கேட்பார்கள். உங்கள் வீட்டுக்கு வாங்கினால் உள்துணியை வெளியே இழுத்துத் தையலைப் பாருங்கள். பையின் யோக்கியதை அங்கேதான் இருக்கிறது.

போலிப் பை விற்கிறவனுக்கு யோக்கியதை பற்றி என்ன பேச்சு என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் நான் யாரையும் ஏமாற்றியதில்லை. பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய நடைபாதையில், புகைக்கும் தூசிக்கும் நடுவே அந்தப் பெரிய பெயர் போட்ட பையை எடுப்பவருக்கு அது அசல் இல்லை என்று தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் தெரிந்த பொய் எப்படிப் பொய்யாகும்? தோல்வார் அறுந்துபோச்சு என்று என்னிடம் யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. அந்த வரிசையில் வேறு யாரும் இப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடியாது.

எங்கள் கடை என்பது தரையில் விரித்த ஒரு துணி. நான்கு முனையிலும் கயிறு கட்டியிருக்கும். நான்கும் ஒரு கையில் வந்து சேரும். தெரு முனையில் போலிக் கடிகாரம் விற்கும் வாட்ச்காரர் விசில் அடித்தால் சோதனைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று அர்த்தம். கயிற்றைச் சுண்டி இழுத்தால் கடை மூட்டையாகிவிடும். தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டியதுதான். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஒரு நிமிஷம் தெரு முழுக்கக் கடை, அடுத்த நிமிஷம் ஈ காக்கை இருக்காது.

இதில் எனக்கு ஒரே ஒரு தொல்லைதான். நான் வேலைக்கு வைத்த ஆட்கள் பயம் வந்தால் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவர்களுக்கென்ன, சரக்கு என்னுடையது. அதனால் யோசித்து ஒரு ஏற்பாடு செய்தேன். கயிறுகள் சேரும் இடத்தில் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு வளையம். பைக்கு வார் தைக்கும் கெட்டியான பட்டையிலேயே தைத்தது. கையை நுழைத்து, பட்டையின் நுனியை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டால் ஓடுகிற ஆள் நினைத்தாலும் மூட்டையை விட முடியாது. சரக்கு கொண்டுவரும் வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்பினேன்: "ஆளே தொங்கினாலும் பிய்யக் கூடாதுன்னு சொல்லுங்க." அப்படியே கடைத்துணிக்கு ஒன்றாகத் தைத்து வந்தது. தைப்பது யார், எங்கே என்று எனக்குத் தெரியாது. எங்கே விற்கிறது என்று தைக்கிறவர்களுக்கும் தெரியாது. எங்கள் தொழிலில் அது ஒரு ஒழுங்கு. ஒருவன் மாட்டினால் இன்னொருவனைக் காட்டிக்கொடுக்க வழி இருக்காது.

என் மைத்துனனைப் பற்றிக் கேட்டீர்கள். என் மனைவியின் தம்பி. ஆள் ஒல்லி, வாய் மட்டும் நீளம். "எடுத்துக்கோங்கக்கா, அசலைவிட ஒரு வருஷம் கூடவே உழைக்கும்" என்பான். வாங்க வராதவர்கள்கூட நின்று சிரித்துவிட்டுப் போவார்கள். அவனை வளர்த்தது என் மனைவிதான். பெற்றவர்கள் போன பிறகு அவளே அவனுக்கு எல்லாம். சாப்பாட்டில் நல்ல துண்டு அவன் தட்டுக்குத்தான் போகும், எனக்கு இல்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அன்றைக்கு விசில் வந்ததும் எல்லோரையும் போல அவனும் ஓடினான். எதிர்ப்பக்கம் போகலாம் என்று சாலையைக் குறுக்கே கடந்திருக்கிறான். மூட்டை ஒரு பேருந்தின் பின்சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. ஓட்டுநருக்குத் தெரியவில்லை. சிக்னல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது முகம் என்று சொல்ல ஒன்றும் பாக்கி இல்லை. ஒரு கை மட்டும் மூட்டையின் பக்கம் நீண்டிருந்தது. தையல் பிய்யவில்லை. வளையத்தைக் கத்தியால் அறுத்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். என் மனைவி வருவதற்குள் அதைச் செய்துவிட்டேன். பைகள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. துடைத்து விற்றோம்.

அவள் அழுது நான் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவன் பயந்தாங்கொள்ளிங்க. சின்னதா ஒரு சத்தம் கேட்டாலே கையில இருக்கிறதைப் போட்டுட்டு ஓடி வந்துடுவான். அன்னிக்கு மட்டும் ஏங்க மூட்டையை விடல?" சமையலறையில் கேட்பாள், படுத்த பிறகு கேட்பாள். ஒரு நாள் நான் சொன்னேன்: "எவனோ நம்மளைக் காட்டிக்கொடுத்திருக்கான். அவனைக் கண்டுபிடிக்காம விடமாட்டேன்." அவள் என் முகத்தையே பார்த்தாள். அதற்குப் பிறகு மூட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. "கண்டுபிடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள். வீட்டில் ஒரு நிம்மதி வந்தது.

வாட்ச்காரர் வேறு மாதிரிச் சொன்னார். "யாரும் காட்டிக்கொடுக்கலப்பா. எவனோ பெரிய ஆளு வர்றான்னு ரோட்டைக் காலி பண்ண வந்தாங்க. நம்ம நேரம்" என்றார். அவர் நல்ல மனுஷர். ஆனால் விவரம் போதாது.

நான் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தேன். போலியைப் பிடிக்க அசல் பைக் கம்பெனி அனுப்பும் ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். வாங்க வருகிறவர் விலையைக் கேட்பார். கம்பெனிக்காரர் விலையைக் கேட்க மாட்டார். பையை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பார். அந்த ஆள் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, காலர் பித்தான் வரை மாட்டியிருந்தது. ஒரு பையை எடுத்தார், திருப்பினார், தையல் மேல் விரலை ஓட்டினார். பிறகு கயிறுகள் சேரும் இடத்தில் இருந்த வளையத்தைத் தொட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். மறுபடியும் வந்தார். அதற்குப் பிறகு ஒரு மதியம் வந்து, கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, குனிந்து சொன்னார்: "அண்ணே, உங்ககிட்டத் தனியா கொஞ்சம் பேசணும்."

தனியாகப் பேசணும் என்று ஒரு கம்பெனிக்காரர் சொன்னால் என்ன அர்த்தம் என்று நீங்களே சொல்லுங்கள். "வாங்க, குடோன்ல பேசலாம்" என்றேன். பின்சந்தில் சரக்கு வைக்கும் அறை அது. ஜன்னல் கிடையாது, ஒரு ஷட்டர் மட்டும். உள்ளே போனதும் ஷட்டரை இழுத்து விட்டேன். ஷட்டரை மேலே தள்ளவும் கீழே இழுக்கவும் முனையில் கொக்கி வைத்த இரும்புக் கம்பி ஒன்று உண்டு, அது கையில் இருந்தது. அவர் அடுக்கிலிருந்து ஒரு பையை எடுத்துத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருந்திருந்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஆரம்பித்திருப்பேன்.

முதலில் முழங்காலில் அடித்தேன். முழங்கால் போய்விட்டால் ஆள் ஓடமாட்டார், அலைச்சல் மிச்சம். "யார்கிட்ட சொன்னே?" என்று கேட்டேன். அவர் வலியில் எதையும் ஒழுங்காகச் சொல்லவில்லை. பையைத் திருப்பிய கையைத் தரையில் வைத்து ஒவ்வொரு விரலாக மிதித்தேன். எலும்பு உடையும் சத்தம் நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிதாக இருப்பதில்லை. அந்த விரல்களில் ஊசி ஏறி ஆறிய வடுக்கள் இருந்தன, ஒரு நகம் பிளந்து வளர்ந்திருந்தது. அப்போதே கவனித்தேன். கம்பெனிக்காரர் கை இப்படி இருக்குமா என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். கை ஓங்கிய பிறகு எல்லாவற்றையும் யோசித்துக்கொண்டிருக்க முடியாது, சார்.

மூச்சு வந்ததும் அவர் சொன்னார்: "நான் தைக்கிறவண்ணே. இந்தப் பையெல்லாம் நான் தச்சதுண்ணே. உள்துணியைத் திருப்பிப் பாருங்க, முடியற இடத்துல தையல் ரெண்டு தடவை திரும்பி வந்திருக்கும். அது என் கைவாகு."

நான் நியாயமான மனுஷன். கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுக்கிலிருந்து பைகளை எடுத்துப் பார்த்தேன். மேலடுக்கு, கீழடுக்கு, பழைய சரக்கு, புதுச் சரக்கு. எல்லாவற்றிலும் தையல் இரண்டு தடவை திரும்பி வந்திருந்தது. இத்தனை வருஷம் என் தலையை நிமிர வைத்த வேலை அவருடையது. அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். உடைந்த கையால் பிடிக்க முடியவில்லை, நானே வாயில் ஊற்றினேன். "முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன். "கடைப்பக்கம் போனா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கண்ணே. அதான் தனியா சொல்லலாம்னு வந்தேன்" என்றார்.

இதோடு முடிந்திருக்க வேண்டியது. வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு, தவறுதலாக நடந்துவிட்டது என்று ஏதாவது கொடுத்துச் சமாளித்திருப்பேன். அவரும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஆள்தான். ஆனால் அவர் பேச்சை நிறுத்தவில்லை.

"ஒருத்தரை பஸ் இழுத்துட்டுப் போச்சாமே, கையில வளையம் மாட்டியிருந்துச்சுன்னு வண்டிக்காரர் சொன்னார். அதையும் நான்தாண்ணே தச்சேன். ஆளே தொங்கினாலும் பிய்யக் கூடாதுன்னு ஆர்டர் வந்துச்சு. நானும் பெருமையா நாலு மடிப்புப் போட்டுத் தச்சேன். கேள்விப்பட்டதிலேர்ந்து தூக்கமே இல்ல. எந்தக் கடைன்னு ஒவ்வொரு நடைபாதையா தேடிட்டு வந்தேன். இனிமே வேற மாதிரி தச்சுத் தர்றேண்ணே, வேகமா இழுத்தா தானா பிரிஞ்சு வர்ற மாதிரி. காசு வேணாம்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "அவருக்கு ஒரு அக்கா இருக்காங்களாமே. அவங்க கால்ல விழுந்து, தம்பி ஏன் மூட்டையை விடலன்னு நானே சொல்லிடறேண்ணே. சொல்லிட்டாத்தான் எனக்கு ஆறும்."

நான் கம்பியை எடுத்தேன். ஷட்டரைத் தூக்கப் போகிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். "ரொம்ப நன்றிண்ணே" என்றார்.

தலையில்தான் அடித்தேன். முதல் அடியிலேயே போயிருக்க வேண்டும், போகவில்லை. எழுந்திருக்கப் பார்த்தார். கயிற்றை எடுத்துக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் பிடித்தேன். கால்கள் ஓய்ந்த பிறகும் பிடியை விடவில்லை. அரைகுறையாகச் செய்வது என் வழக்கம் இல்லை. பைகள் மேல் தெறித்ததைத் துடைத்தேன், உள்துணியில் இறங்கியது மட்டும் போகவில்லை. அந்தப் பைகளைத் தனியாக எடுத்து வைத்தேன். செத்தவரை அவன் இவன் என்று பேசுவது எனக்குப் பிடிக்காது, அதனால்தான் அவர் என்றே சொல்லிவருகிறேன்.

பிறகு கடைத்துணியை விரித்தேன். அவர் சின்ன உடம்புக்காரர், முழங்காலை மடக்கி வைத்தால் துணிக்குள் அடங்கிவிட்டார். நான்கு முனையையும் சேர்த்து இழுத்தேன். மூட்டை வழுக்காமல் இருக்க வளையத்தை என் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டேன். அது என் கையில் ஏறியது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஒரு விரல் நுழைகிற அளவுக்கு இடம் விட்டே முடிச்சுப் போட்டேன். வெளியே வந்தபோது சந்து வழியாகப் போன வாட்ச்காரர் தோளில் ஏற்றிவிட ஒரு கை கொடுத்தார். "என்னப்பா இது, இப்படிக் கனக்குது?" என்றார். "ஷூ வந்திருக்கு" என்றேன். பட்டப்பகலில் நடைபாதை வழியாகவே நடந்தேன். மூட்டையோடு போகிற ஆளை எங்கள் தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கழிவுநீர்க் கால்வாய்க்கு வந்து தள்ளிவிட்டேன். மூட்டை தண்ணீருக்குள் போகும்போது என்னையும் சேர்த்து இழுத்தது. இடம் விட்டுக் கட்டியிருந்ததால் கையை உருவிக்கொள்ள முடிந்தது.

வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து, "கண்டுபிடிச்சிட்டேன்" என்று என் மனைவியிடம் சொன்னேன். அன்றைக்குத்தான் அவள் அழுதாள். என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அப்படிச் செய்ததில்லை. சாப்பிடும்போது நல்ல துண்டு என் தட்டில் விழுந்தது.

மூட்டை மிதந்தது என் கெட்ட நேரம். அந்த வளையத்தை வைத்து என் கடையைக் கண்டுபிடித்தது உங்கள் சாமர்த்தியம். நான் எதையும் மறைக்கவில்லை. கொன்றது நான்தான். விரல்களை உடைத்தது, தலையில் அடித்தது, கழுத்தை இறுக்கியது எல்லாம் நான் ஒருவன்தான். மேஜைமேல் வைத்திருக்கும் அந்தத் துணி என்னுடையதுதான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

என் மைத்துனன் கையில் அன்றைக்குக் காலையில் வளையத்தைக் கட்டியது யார் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான்தான் கட்டினேன். "இறுக்குது மாமா, கொஞ்சம் லூசா விடுங்களேன்" என்றான். போகப் போகப் பழகிவிடும் என்றேன்.

வெளியே பெஞ்சில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். தம்பியைக் காட்டிக்கொடுத்தவனைக் கொன்றவன் என்று எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள். கொலையை எவ்வளவு விவரமாக வேண்டுமானாலும் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை. வளையத்தைப் பற்றி மட்டும் எழுத வேண்டாம், சார். அதற்கும் இந்தக் கொலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.