ஆலாத் திட்டு

காபி ஆறிவிடும், குடித்துக்கொண்டே கேளுங்கள். வனத்துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்ததும் நல்லதுதான். நாய்கள் எப்படித் திட்டுக்குப் போயின என்றுதானே கேட்கிறீர்கள். நான்தான் கூட்டிப்போனேன்.

என் கணவர் கைலாசநாதன் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலா கடற்பறவை இனம் என்பார். ஆனாலும் அதில் சில வகை கோடையில் நம் பக்கத்துக் கண்மாய்களுக்கு வந்து, தண்ணீர் வற்ற வற்ற வெளியே தெரியும் மணல் திட்டில் முட்டையிடும். செக்கானூரணிக்கு மேற்கே அப்படி ஒரு திட்டு இருக்கிறது. கூடு என்று எதுவும் கிடையாது, மணலில் ஒரு குழி, அவ்வளவுதான். எந்தப் பறவை எந்தக் குஞ்சுக்கு என்ன மீன் கொண்டுவந்து கொடுக்கிறது என்று கரையில் உட்கார்ந்து பார்ப்பது அவர் வேலை. கல்யாணமான முதல் கோடையிலிருந்து ஒரு கோடைகூட அவர் வீட்டில் இருந்ததில்லை.

நாங்கள் சைவம். இருந்தும் இந்த கே.கே. நகர் வீட்டு பிரிட்ஜில், தயிருக்குப் பக்கத்தில், குஞ்சுகள் தவறவிட்ட மீன்கள் பாட்டிலில் இருக்கும். தயிரை எடுக்கும்போது அதை நகர்த்தி வைப்பேன்.

சாப்பிடும்போது மட்டும் பேசுவார். "முட்டையிடற சமயத்துல பொட்டப் பறவை இரை தேடப் போகாது விஜயம். ஆண்தான் ஒவ்வொரு மீனாக் கொண்டாந்து அது வாயில குடுக்கும். மீன் சின்னதா இருந்தா அது திரும்பிக்கும், தெரியுமா?" சொல்லிவிட்டுச் சிரிப்பார். நான் ரசம் ஊற்றுவேன்.

போன வருடம் மே மாதம் எனக்கு டெங்கு வந்தது. எழுந்து நிற்க முடியவில்லை. மகன் கிரிதர் புனேயில் இருக்கிறான். இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீரும் ஒரு பாக்கெட் பிரெட்டும் வைத்தார். "குஞ்சு பொரியற நேரம். இத விட்டா அடுத்த வருசம்தான். சாயங்காலம் வந்துர்றேன்" என்று பைனாகுலரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பக்கத்து வீட்டு முத்துமீனாதான் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். கஞ்சி வைத்துக் கொண்டுவந்து ஊட்டியதும் அவள்தான்.

இவர் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு வந்தார். உட்கார்ந்ததும், "முட்டை வெயில்ல வெந்துரக் கூடாதுன்னு ஒரு ஆலா வயித்தத் தண்ணில நனைச்சுட்டு வந்து உக்காந்துச்சு விஜயம்" என்றார். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. எனக்கு டிரிப்ஸ் தீர்ந்திருந்தது. முத்துமீனா நர்ஸைக் கூப்பிட எழுந்துபோனாள்.

அன்று எனக்குக் கோபம் வரவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். இது கோபத்தில் செய்த காரியம் இல்லை.

இந்தக் கோடையில் கோரிப்பாளையத்தில் ஒரு கறிக்கடைக்குப் போய் எலும்பு கேட்டேன். "நாய்க்காம்மா?" என்றார் கடைக்கார பாய். ஆமாம் என்றேன். "வாயில்லாச் சீவனும்மா. அல்லா ஒங்களுக்கு நன்மை தருவான்" என்று கூடவே ஒரு பிடி சவ்வும் போட்டுக் கொடுத்தார். மாமிசமே ஏறாத அடுப்பில் அதைச் சோற்றோடு வேக வைத்தேன். இவர் கண்மாயிலிருந்து வந்து மதியம் தூங்கும்போது, கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் போனேன்.

முதலில் கண்மாய்க் கரையில் வைத்தேன். பிறகு சரிவில். பிறகு தண்ணீர் ஓரத்தில். ஸ்கூட்டிச் சத்தம் கேட்டாலே நாய்கள் ஓடிவரும் அளவுக்குப் பழகின. திட்டுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வற்றியதும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, சோற்றைத் திட்டிலேயே கொட்டினேன். ஆலாக்கள் பாய்ந்து வந்து என் தலையில் கொத்தின. பெற்றவை அப்படித்தான் செய்யும், அதில் தப்பு சொல்ல முடியாது.

நாய்கள் சோற்றோடு நிற்கவில்லை. ஆபத்து என்றால் குஞ்சுகள் ஓடாது, மணலோடு மணலாக ஒட்டிப் படுத்துக்கொள்ளும் என்று இவர் சொல்லியிருக்கிறார். சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலையில், அங்கே ஆடு மேய்க்கும் சோலை போன் செய்தார். "அம்மா, அம்புட்டுக் குஞ்சும் போச்சும்மா. அதப் பாத்துட்டு உக்காந்த சாரு எந்திரிக்கல. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிருச்சு. வெரசா வாங்க." குக்கரில் பருப்பு இருந்தது. விசில் வந்ததும் இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பக்கவாதம். வலது பக்கம் வேலை செய்யவில்லை, பேச்சும் போய்விட்டது. உள் அறையில்தான் இருக்கிறார்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி கொடுக்க ஜெயபாண்டி என்று ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். "சார் எடது கையால தானாச் சாப்பிட்டுருவாரும்மா. நீங்க ஊட்டாதீங்க. ஊட்டுனா அப்படியே பழகிரும்" என்றான். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தினமும் வருகிறான் என்றுதான் கிரிதரிடம் சொல்லியிருக்கிறேன். இவர் இடது கையைத் தட்டுக்கு நீட்டுவார். நான் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைப்பேன்.

நாய்களுக்குச் சோறு வைத்ததை இவரிடம் நானே சொன்னேன். கணவனிடம் எதையும் மறைக்கக் கூடாது. அன்று வாயை இறுக மூடிக்கொண்டார். நான் கட்டாயப்படுத்தவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அடுத்த வேளையும் மூடித்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு போனேன். அதற்கும் அடுத்த நாள் நான் அறைக்குள் வந்ததும் தானாகத் திறந்தார்.

இப்போது ஒரு தகராறும் இல்லை. குழையப் பிசைந்து ஒவ்வொரு வாயாக ஊட்டுகிறேன். கடைசிக் கவளம் இறங்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், பார்வையை எடுக்கவே மாட்டார். சில வேளை கண் கலங்கி வழியும். இத்தனை பிரியத்தையும் இவ்வளவு காலமாக எங்கேதான் வைத்திருந்தாரோ.