ஆறிய தோலும் ஒரு ஃப்ரீசரும்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, பேராசிரியர்களே, என் கணவரிடம் சிகிச்சை பெற்று இன்று அவர் நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் நல்லவர்களே, வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். என் கோபமே என் தோல் நோய்க்குக் காரணம் என்று இயக்குநர் சற்றுமுன் சொன்னார், நீங்களும் சிரித்தீர்கள். கோபம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. சொரியாசிஸ் கல்யாணத்துக்குப் பிறகுதான் வந்தது!

"மனசை அமைதியா வச்சுக்கோங்கம்மா" என்று எனக்கு உபதேசித்த ஒரு மருத்துவரிடம் என் கணவர் சீறினார்: "தோலைப் பார்க்கச் சொன்னா குணத்தைப் பார்க்கிறீங்களே!"

நோய்க்குக் காரணம் என்ன? காவல் காக்க வேண்டிய வெள்ளணுக்கள் வீணாகக் கூச்சல் போடுகின்றன. அந்தக் கூச்சல், அவை சுரக்கும் ஒரு புரதம். அதற்கு மிரண்டு தோல் செல்கள் பெருகுகின்றன; பெருகிய தோல் இன்னும் வெள்ளணுக்களை அழைக்கிறது. இது பலருக்கும் தெரியும். என் கணவர் கேட்டது வேறு: ஆறிய நோய் ஏன் அதே இடத்துக்குத் திரும்புகிறது?

மற்ற ஆய்வாளர்கள் சிவந்த தோலைச் சேகரித்தார்கள். அவர் ஆறிய தோலையும் கேட்டார். துளித் துளியாகக் கிள்ளி எடுப்பார். கிள்ளு டாக்டர் என்று பெயர் வைத்தது நீங்கள்தானே! என் முழங்கையையும் அவர் விடவில்லை.

"ஆறிப்போச்சே, இதுல என்னங்க இருக்கு?"

"திருடன் ஓடலைம்மா. உள்ளயே படுத்திருக்கான்."

படுத்துத்தான் இருந்தான்! நோயை நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் ஆறிய தோலிலேயே தங்கியிருந்தன. அவற்றை அங்கே வாழவைப்பது எது? அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார்.

"அவர் பணியைத் தொடர்வோம்" என்று இயக்குநர் இன்று கண்கலங்கினார். போன வாரம் ஆய்வகத்தில், என் எதிரிலேயே, இதே இயக்குநர் சொன்னது: "நோயே இல்லாத தோலை எதுக்கு வச்சிருக்கீங்க? ஃப்ரீசரைக் காலி பண்ணுங்க, இடம் வேணும்."

எதை நம்புவது ஐயா? கண்ணீரையா, கட்டளையையா? அந்த ஃப்ரீசரில் இருப்பது இந்த அரங்கில் இருப்பவர்கள் வலி பொறுத்துக் கொடுத்த தோல். அதைக் குப்பையில் கொட்டிவிட்டு எதைத் தொடர்வீர்கள்? அவர் படத்துக்குத் தூசி தட்டுவதையா?

நான் தொடர்வேன். என் முழங்கையில், அதே இடத்தில், நோய் திரும்பியிருக்கிறது. அவருடைய மாணவி நாளைக்கே கிள்ளி எடுக்கட்டும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தோல் வேண்டும்.

ஃப்ரீசர் ஓடுமா, நிற்குமா? இங்கே தலையாட்ட வேண்டாம். எழுத்தில் பதில் தாருங்கள்.